குளத்துக்கு மறைப் புள்ளி: தேடல் ஆய்வில் கணிதம் எதற்கு?

கேள்வி: நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். வன்னி பற்றிய தமிழ் ஆவணங்களைச் சேர்த்து ஒரு தேடற்பொறி செய்கிறேன். ஆய்வுக்கு இரண்டு தலைப்புகள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, பெர்ட் (BERT) வகை நியூரல் மொழி மாதிரியைத் தமிழ்த் தேடலுக்குப் பழக்குவது. மற்றது, தேடலில் பயன்படும் சூத்திரங்களைக் கணித ரீதியில் ஆராய்வது. இரண்டாவது பழைய விசயம், இப்போது யாரும் செய்வதில்லை என்கிறார்கள் நண்பர்கள். மாதிரிகளைப் பழக்க உதவும் ஜிபியு என்ற கணிப்பு அட்டை என்னிடம் இல்லை, ஒரு மடிக்கணினிதான். எதை எடுக்கலாம்?

பதில்:

தம்பி, இரண்டாவதை எடுங்கள். ஜிபியு இல்லை என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் முதற்காரணம் அதுவல்ல. ஒரு சூத்திரம் எந்த இடத்தில் கவிழும் என்பதை ஓட்டிப் பார்க்க முன்னரே சொல்லக்கூடியது கணிதம் மட்டுமே. தமிழில் தேடற்பொறி செய்பவருக்கு அது மற்றவர்களை விடக் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் நாம் பயன்படுத்தும் சூத்திரங்கள் எல்லாம் ஆங்கில ஆவணங்களை வைத்துச் சீர்ப்படுத்தியவை. அவை எந்த எடுகோளில் நிற்கின்றன என்று தெரியாவிட்டால், தமிழில் விளைவு பிசகும்போது எங்கே கை வைப்பதென்று தெரியாது.

உங்கள் தொகுப்பிலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறேன். வன்னி பற்றிய எழுத்தில் குளம் வராத பக்கம் குறைவு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று எதைப் பற்றி எழுதினாலும், கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பானாலும் கோயில் வரலாறானாலும், ஓரிடத்தில் குளம் வந்துவிடும். தொகுப்பில் 1000 ஆவணங்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அந்தச் சொல் ஒரே உருவில் நிற்பதில்லை. குளத்தில், குளத்துக்கு, குளங்களை, குளத்தடி என்று சிதறும். சொற்களை வந்த உருவிலேயே சுட்டியிட்டால், ‘குளம்’ என்ற உருவம் 250 ஆவணங்களில் மட்டும் அகப்படுகிறது என்போம். ஆவணங்களை வரிசைப்படுத்தப் பரவலாகப் பயன்படும் பிஎம்25 (BM25) சூத்திரத்தின் செவ்வியல் வடிவத்தில் ஒரு சொல்லின் நிறை இப்படிக் கணிக்கப்படும்: சொல் இல்லாத ஆவணங்களின் எண்ணிக்கையோடு 0.5 கூட்டி, அதைச் சொல் உள்ள ஆவணங்களின் எண்ணிக்கையோடு 0.5 கூட்டி வந்ததால் பிரித்து, இயற்கை மடக்கை எடுக்க வேண்டும். 750.5 ஐ 250.5 ஆல் பிரித்து மடக்கை எடுத்தால் ஏறத்தாழ 1.10. நல்ல நிறை. தேடற்சொற்களின் இந்த நிறைகளைக் கொண்டே பொறி ஒவ்வோர் ஆவணத்துக்கும் புள்ளி போட்டு, புள்ளி கூடியதை மேலே காட்டுகிறது.

இப்போது ஒரு நல்ல அடிச்சொல் பிரிப்பானைச் சேர்க்கிறீர்கள். சிதறிய உருவங்கள் எல்லாம் ‘குளம்’ என்ற ஒன்றின் கீழ் வருகின்றன. சொல் உள்ள ஆவணங்கள் 600 ஆகின்றன. 400.5 ஐ 600.5 ஆல் பிரித்து மடக்கை எடுங்கள்: ஏறத்தாழ −0.41. நிறை மறைப் பெறுமானம் ஆகிவிட்டது. ஒருவர் ‘குளம் புனரமைப்பு’ என்று தேடுகிறார். மற்ற எல்லாம் சமமாக இருக்கும்போது, இரண்டு சொல்லும் உள்ள ஆவணம் கீழே போகும். ‘புனரமைப்பு’ மட்டும் உள்ள, ஏதோ ஒரு வீதிப் புனரமைப்புச் செய்தி மேலே வரும். குளம் என்ற சொல் ஓர் ஆவணத்தில் எவ்வளவு கூட வருகிறதோ அந்த ஆவணம் அவ்வளவு கீழே இறங்கும்.

பிரிப்பானில் பிழை இல்லை. சூத்திரத்தை நிரலாக எழுதியதிலும் பிழை இல்லை. தனித்தனியே சரியான இரண்டு பகுதிகள் சேர்ந்ததும் விளைவு தலைகீழாகிறது. இதைப் பரிசோதனையால் மட்டும் பிடிக்கப் போனால், ‘அடிச்சொல் பிரிப்பான் தமிழுக்கு உதவவில்லை’ என்ற பிழையான முடிவைத்தான் ஆய்வறிக்கையில் எழுதுவீர்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பது இன்னும் சுவையானது. அரிய சொல்லுக்கு நிறை கூட இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை 1972இல் கரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். மொத்த ஆவணங்களைச் சொல் உள்ள ஆவணங்களால் பிரித்து மடக்கை எடுக்கும் அந்த வடிவம் ஒருபோதும் மறையாகாது. பிறகு 1976இல் ஸ்டீபன் றொபேர்ட்சனும் அவரும் சேர்ந்து நிகழ்தகவிலிருந்து ஒரு நிறையைத் தருவித்தார்கள். பொருத்தமான ஆவணங்களில் ஒரு சொல் வரும் நிகழ்தகவையும், பொருத்தமற்றவற்றில் அது வரும் நிகழ்தகவையும் அது ஒப்பிடுகிறது. எவை பொருத்தமானவை என்று முன்கூட்டித் தெரியாதபோது என்ன செய்வது? 1979இல் குறொஃப்டும் ஹார்ப்பரும் ஒரு வழி காட்டினார்கள். பொருத்தமான ஆவணங்களில் தேடற்சொல் வரும் நிகழ்தகவு ஒரு மாறிலி என்று கொள்ளுங்கள். பொருத்தமற்றவற்றுக்கு முழுத் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாறிலியை 0.5 ஆக வைத்தால் மேலே நாம் கணித்த வடிவம் வந்துவிடும்.

அதாவது சூத்திரம் நமக்குச் சொல்லாமல் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறது: பொருத்தமான ஆவணங்களில் பாதியில்தான் ‘குளம்’ என்ற சொல் இருக்கும் என்று. முழுத் தொகுப்பில் 60 வீதமான ஆவணங்களில் அது இருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சொல் இருப்பது பொருத்தமின்மைக்குச் சான்று! அந்த நம்பிக்கையை ஏற்றுக்கொண்டால் மறைப் புள்ளி முற்றிலும் நியாயமானது. கோளாறு எடுகோளில் இருக்கிறது. லூசீன் (Lucene) என்ற தேடல் மென்பொருளில் மடக்கை எடுக்க முன் ஒன்றைக் கூட்டிவிடுகிறார்கள். அதன்படி நமது −0.41 என்பது 0.51 ஆகும், மறைக்கு இடமே இல்லை. ஆனால் எல்லா நிரலகங்களும் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் பயன்படுத்துவது எந்த வடிவம் என்று மூலநிரலைத் திறந்து பாருங்கள்.

இந்த வகைச் சிந்தனையை ஓர் ஒழுங்கான முறையாக்கியவர்கள் ஹுய் ஃபாங், தாவோ தாவோ, செங்சியாங் ஜாய் ஆகிய மூவர். 2004இல் சிகிர் (SIGIR) என்ற தகவல் மீட்டெடுப்பு மாநாட்டில் வந்த அவர்களுடைய கட்டுரையைத்தான் நீங்கள் முதலில் வாசிக்க வேண்டும். எந்தச் சூத்திரமும் நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனைகளை அவர்கள் எழுதி வைத்தார்கள். தேடற்சொல் கூட வந்தால் புள்ளி கூட வேண்டும். ஆனால் ஒன்றிலிருந்து இரண்டாவதற்குக் கிடைக்கும் ஏற்றம், நூறிலிருந்து நூற்றொன்றாவதற்குக் கிடைப்பதை விடப் பெரிதாக இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத சொல்லைச் சேர்த்து ஆவணத்தை நீட்டினால் புள்ளி ஏறக்கூடாது. ஒரே ஆவணத்தைத் தனக்குப் பின்னாலேயே மீண்டும் ஒட்டி இரட்டிப்பாக்கினால் புள்ளி இறங்கக்கூடாது. கேட்டால் ‘இது தெரிந்ததுதானே’ என்று தோன்றும். இணைந்த கணிதம் படித்தவர் எவரும் முதற்பெறுதி, இரண்டாம் பெறுதி எடுத்துச் சரிபார்த்துவிடலாம். ஆனால் அன்று புகழ்பெற்றிருந்த சூத்திரங்களை ஒவ்வொன்றாக இந்த நிபந்தனைகளில் வைத்துப் பார்த்தபோது, எல்லாவற்றையும் எப்போதும் நிறைவு செய்தது எதுவும் இல்லை. பிஎம்25 மறைப் புள்ளியில் மாட்டியது. நீண்ட வாக்கியமாகக் கேட்கப்படும் தேடல்களில், பொதுச் சொற்கள் நிறைய வருவதால், அது ஏன் தளர்ந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அந்த ஒரு பகுதியை மாற்றியதும் விளைவு திருந்தியது.

2011இல் லிவும் ஜாயும் இன்னோர் ஓட்டையைக் கண்டார்கள். ஆவணம் மிக நீண்டதாக இருந்தால், தேடற்சொல் அதில் வந்ததற்குக் கிடைக்கும் புள்ளி கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கே போய்விடுகிறது. கச்சேரி வெளியிடும் முந்நூறு பக்க வருடாந்த அறிக்கையில் ஒட்டுசுட்டான் என்ற ஊர்ப்பெயர் ஓரிடத்தில் வருகிறது. இன்னோர் ஆவணத்தில் ஒட்டுசுட்டானே இல்லை. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு நிச்சயமான இடைவெளி வேண்டாமா? சொல் வந்தாலே குறைந்தது இவ்வளவு என்று ஒரு மாறிலியைச் சேர்த்தார்கள். பிஎம்25 பிளஸ் என்று இன்று நிரலகங்களில் இருப்பது அதுதான். நீண்ட அறிக்கைகளும் அரைப்பக்கச் செய்திகளும் கலந்து கிடக்கும் உங்கள் தொகுப்புக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

அடுத்தது, எல்லாரும் மேற்கோள் காட்டி அரைவாசிப் பேர் முழுக்க வாசிக்காத ஒன்று: றொபேர்ட்சன் 1977இல் எழுதிய நிகழ்தகவு வரிசைப்படுத்தல் கொள்கை. பொருத்தமாக இருக்கும் நிகழ்தகவு கூடியதை முதலில் காட்டு, அதுவே சிறந்த வரிசை என்பது அதன் சாரம். இன்றைய நியூரல் மாதிரிகளும் இதையே கேள்வி கேட்காமல் பின்பற்றுகின்றன. ஆனால் ஓர் ஆவணம் பொருந்துவது மற்ற ஆவணங்களில் தங்கியிராது என்ற எடுகோள் அதற்குள் இருக்கிறது. வில்லியம் கூப்பர் காட்டிய எதிருதாரணம் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. அதை நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன்.

‘வவுனிக்குளம்’ என்று தேடுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கமக்காரர், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று அறிய வந்தவர்கள். மூன்றில் ஒரு பங்கினர் குளத்தின் வரலாறு தேடும் மாணவர். தண்ணீர் பற்றிப் பத்து ஆவணங்களும் வரலாறு பற்றிச் சிலவும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனக்குரிய ஒரே ஓர் ஆவணம் போதும். கொள்கைப்படி தண்ணீர் ஆவணங்கள் பத்தும் மேலே, வரலாறு 11ஆம் இடத்தில். ஒருவர் பார்க்க வேண்டிய ஆவணங்களின் எதிர்பார்க்கை 2/3 × 1 + 1/3 × 11, அதாவது 4.33. இரண்டாம் இடத்தில் ஒரு வரலாற்று ஆவணத்தை வைத்தாலோ 2/3 × 1 + 1/3 × 2, அதாவது 1.33. தேடல் விளைவுகளில் பல்வகைமை வேண்டும் என்று பின்னாளில் கிளைத்த ஆய்வுகளுக்கெல்லாம் இந்தச் சின்னக் கணக்கு ஒரு வேர். எந்தப் பெரிய மாதிரியும் இதைத் தானாகத் தீர்த்துத் தராது, ஏனென்றால் இது நிகழ்தகவைத் திருத்தமாக மதிப்பிடுவது பற்றிய பிரச்சினை அல்ல. மதிப்பீடு நூறு வீதம் சரியாக இருந்தாலும் வரிசை பிழைக்கும்.

அளவீட்டிலும் இதே கதைதான். முதலாவது பொருத்தமான விடை எந்த இடத்தில் வந்தது என்று பார்த்து, அந்த இடத்தின் தலைகீழியை எடுத்து, எல்லாத் தேடல்களுக்கும் இடை காண்பது பலர் செய்வது. ஒரு பொறி இரண்டு தேடல்களில் 1ஆம், 10ஆம் இடங்களில் விடை தருகிறது, இடை 0.55. மற்றது இரண்டிலும் 2ஆம் இடத்தில் தருகிறது, இடை 0.5. அப்படியானால் முதலாவதா சிறந்தது? இடங்களையே நேரடியாகச் சராசரி எடுத்தால் 5.5க்கு எதிரே 2. நோர்பேர்ட் ஃபூர் 2017இல், இது ஆயிடை அளவிடை (சம இடைவெளிகள் சம வித்தியாசத்தைக் குறிக்கும் அளவிடை) அல்ல, ஆகவே இடை எடுக்கக்கூடாது என்று கடுமையாக எழுதினார். டெட்சுயா சகாய் 2020இல் மறுத்தார். என் கருத்து, ஃபூர் கணிதத்தில் சரி, ஆனால் தடை போட்ட அளவுக்குப் போயிருக்கத் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, நீங்கள் தெரிவு செய்த அளவீடு எந்தப் பயனரை மனதில் வைத்திருக்கிறது என்று உங்கள் அறிக்கையில் ஒரு பந்தி எழுதுங்கள். பெரும்பாலான இறுதி வருட அறிக்கைகளில் அந்தப் பந்தி இருப்பதில்லை.

‘இப்போது யாரும் செய்வதில்லை’ என்பது உண்மையல்ல. 2000களின் தொடக்கத்தில் ஹங்கேரியரான ஷாண்டோர் டொமினிச் போன்றோர், தகவல் மீட்டெடுப்பில் கணித, முறைசார் வழிகள் என்ற பொருளில் சிகிர் மாநாட்டோடு பட்டறைகள் நடத்தினார்கள். 2007இல் புடாபெஸ்டில் கோட்பாட்டுக்கென்றே ஒரு தனி மாநாடு தொடங்கியது. இக்டிர் (ICTIR) என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

ஆனால் நண்பர்கள் சொல்வதில் ஒரு பாதி நியாயம் உண்டு. இந்தத் துறையில் கணிதத்தை நகையாகப் போட்டுக்கொண்ட கட்டுரைகள் ஏராளம். வான் றைஸ்பெர்கன் 1986இல் தர்க்கத்தை வைத்தும், 2004இல் குவாண்டம் இயக்கவியலின் கணிதத்தை வைத்தும் தேடலை விளக்கினார். அவருடைய எண்ணம் ஆழமானது. பின்னால் வந்த பலர் அந்தக் குவாண்டம் கணிதத்தின் ஹில்பேர்ட் வெளியை வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் சாதாரணக் காவிப் பெருக்கத்தையே செய்து காட்டினார்கள். ஒரு கட்டுரையை எடைபோட நான் வைத்திருக்கும் சோதனை எளிது: அதிலுள்ள கணிதத்தைத் தூக்கிவிட்டால், அது சொல்லும் முடிவு ஏதாவது இல்லாமல் போகிறதா? போகாவிட்டால் வாசிப்பை நிறுத்திவிடலாம்.

நியூரல் பக்கம். 2020இல் ஆர்தர் கமாராவும் கிளாடியா ஹௌஃபும் பெர்ட் மாதிரியை மேற்சொன்ன வகை நிபந்தனைகளில் வைத்துச் சோதித்தார்கள். ஆராய்ந்த எந்த நிபந்தனைக்கும் அது ஒழுங்காக அடங்கவில்லை. ஆனாலும் சொற்களின் எண்ணிக்கையை வைத்து நிகழ்தகவு கணிக்கும் பழைய மொழிமாதிரித் தேடலை அது 40 வீதத்தால் மிஞ்சியது. இதை எப்படி வாசிப்பது? நிபந்தனைகள் வீண் என்று சிலர் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் பொருந்துவதைப் பற்றிய நிபந்தனைகள் பெர்ட் செய்யும் வேலையை விபரிக்கப் போதாது, புதிய நிபந்தனைகள் வேண்டும் என்பதே என் வாசிப்பு. இன்னொரு பக்கம், 2021இல் BEIR என்ற பெயரில் வெளிவந்த 18 தரவுத்தொகுதிகளின் ஒப்பீட்டில், பழக்கப்படாத துறைகளுக்குப் போனதும் பல நியூரல் மாதிரிகளால் பழைய பிஎம்25ஐத் தாண்ட முடியவில்லை. பழக்குவதற்குத் தரவு குறைந்த தமிழுக்கு இது ஒதுக்கிவிடக்கூடிய செய்தியல்ல.

இனி உங்கள் வேலைக்கு. புதிய நிபந்தனைகள் வேண்டும் என்றேன் அல்லவா, தமிழுக்கானவற்றை யாராவது எழுத வேண்டும். சில வித்துகள் தருகிறேன். தேடற்சொல்லோ ஆவணச்சொல்லோ வேற்றுமை உருபு ஏற்பதால் வரிசை மாறக்கூடாது. ஒரே ஊரின் இரண்டு எழுத்துமுறைகளுக்கு, ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான் போல, ஒரே புள்ளி கிடைக்க வேண்டும். மாறாக, மாங்குளம் சந்தியில் நடந்த விபத்துச் செய்திக்கு ‘குளம்’ என்ற தேடலில் புள்ளி ஏறக்கூடாது; கனகராயன்குளமும் அப்படியே. கூட்டுச்சொல்லைப் பிரிக்கும் பிரிப்பான் இந்தக் கடைசி நிபந்தனையை மீறும், பிரிக்காத பிரிப்பான் ‘குளக்கட்டு’ போன்றவற்றைத் தவறவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்யும் பிரிப்பு விதி இருக்க முடியுமா? இருக்க முடியாது என்று நிறுவினாலும் அது ஒரு நல்ல ஆய்வு முடிவுதான்.

நீளமும் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் நாலு சொல்லாக வருவது தமிழில் ஒரு சொல்லாகிவிடும். பிஎம்25இல் சொல் அடர்த்தியையும் ஆவண நீளத்தையும் ஆளும் இரண்டு மாறிலிகளுக்கு வழக்கமாக 1.2, 0.75 என்று போடுகிறார்கள். அவை இறைவாக்கு அல்ல. நீளத்தைச் சொல்லால் அளப்பதா, எழுத்தால் அளப்பதா என்ற கேள்வியையே நிபந்தனைகளால் ஆராயலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கீழ்மட்ட வேலை இருக்கிறது, அதைக் கவனிக்காவிட்டால் எந்தத் தேற்றமும் காப்பாற்றாது. நம் பகுதியில் பழைய ஆவணங்கள் பாதி பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஒருங்குறியிலும் ‘கொ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பொறிக்கோ இரண்டும் வேறு வேறு சொல். சுட்டியிட முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குச் சீராக்குங்கள்.

சோதனைத் தொகுதி சிறிதாக இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். சிறில் கிளெவர்டன் 1960களில் கிறான்ஃபீல்டில் செய்த, இந்தத் துறைக்கே அடித்தளமான இரண்டாவது பரிசோதனையில் இருந்தவை 1400 ஆவணங்களும் இருநூற்றுச் சொச்சம் தேடல்களும்தான். ட்ரெக் (TREC) என்ற தேடற்பொறி மதிப்பீட்டுப் போட்டிகளில் பல ஆண்டுகளாக வழக்கமாக இருந்தது வருடத்துக்கு 50 தேடல்கள். ஐம்பது தேடல்களை நீங்களே கற்பனையில் எழுதாமல், கமநல சேவை நிலையத்துக்கு வருபவர்களிடமும் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடமும் கேட்டு அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பொருத்தத்தை இரண்டு பேர் தனித்தனியே தீர்மானிக்கட்டும்.

கணிதம் எவ்வளவு தேவை என்றால், உயர்தரத்தில் படித்த மடக்கை, வகையீடு, நிபந்தனை நிகழ்தகவு ஆகியவற்றோடு பல்கலைக்கழக முதலாம் வருட நேரியல் அட்சரகணிதம் போதும். அளவைக் கோட்பாடு, தொகையீட்டுக் கோட்பாடு எல்லாம் இப்போது வேண்டாம்.

பெர்ட் தலைப்பை முழுதாக விட்டுவிடவும் தேவையில்லை. பழக்கி முடித்த ஒரு மாதிரியை எடுத்து, உங்கள் தமிழ் நிபந்தனைகளுக்கு அது எத்தனை தடவை கட்டுப்படுகிறது என்று எண்ணுவதற்கு மடிக்கணினி போதும். மெதுவாக ஓடும், ஓடட்டும். முன்மொழிவு எழுத உட்கார முன், பாதிக்கு மேற்பட்ட ஆவணங்களில் வரும் சொற்களின் பட்டியலை, அடிச்சொல் பிரிப்பானுக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக எடுத்து மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். இரண்டாவது பட்டியல் எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்தே ஆய்வின் எல்லையை இருவரும் தீர்மானிக்கலாம்.